இரங்கூன் முதல் எண்ணூர் வரை: தருணம் பார்க்கும் கிருமிகள்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

முன்னுரை

"காய்ச்சல் கண்டு இறந்தார்" என்ற சொற்களைக் கேட்டிராத வீடு நம் பகுதியில் இல்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை எந்தத் தெருவில் இழவுச் செய்தி கேட்டாலும், "நாலு நாள் காய்ச்சல், சர்க்கரை வேற இருந்தது" என்பார்கள். கேட்டவரும் தலையசைத்துவிட்டு அப்பால் செல்வார். காய்ச்சல் என்பது நோயின் பெயரன்று. அது நோயின் அறிகுறி மட்டுமே. ஒரு வீட்டிலிருந்து புகை வந்தது என்று சொல்லிவிட்டு, எரிந்தது எது என்று கேளாமல் போவதைப் போன்றது இது.

என் தாய்மாமன் இறந்ததும் அப்படித்தான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை அவருக்கு. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். குதிகாலில் ஆறாத வெடிப்பு ஒன்று இருந்தது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையால் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அதில் இறங்கி நடந்து எல்லா வீடுகளுக்கும் பாலும் குடிநீரும் கொண்டுவந்தவர் அவர். காலில் ஏதேனும் போட்டுக்கொள்ளச் சொன்னபோது, "உப்புத் தண்ணியில ஊறின காலுடா இது, ஒண்ணும் ஆவாது" என்று சிரித்தார்.

பத்து நாள் கழித்துக் குளிர்காய்ச்சல் வந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை மூன்று நாள் விழுங்கினார். காய்ச்சல் தணிந்தது, மீண்டும் ஏறியது. மூச்சிரைப்பு கண்ட பிறகே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். அங்கு எடுத்த சோதனைகளுள் இரத்த வளர்ப்புச் சோதனையும் ஒன்று. அதன் முடிவுச் சீட்டில் ஆங்கிலத்தில் 'நோ குரோத்' என்று அச்சிட்டிருந்தது. அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் ஆங்கிலச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே. "இரத்தத்துல கிருமி இல்லையாம்மா" என்று படித்துச் சொன்னேன். அம்மா சாமி படத்தின் முன் கற்பூரம் ஏற்றினார். மறுநாள் விடியற்காலையில் மாமா காலமானார்.

அந்தச் சீட்டை நான் தவறாகப் படித்தேன் என்பதைக் கல்லூரிக்கு வந்து நுண்ணுயிரியல் பாடம் படித்த பிறகே அறிந்தேன். அதில் எழுதியிருந்தது ஒன்று. நான் படித்துச் சொன்னது வேறொன்று. அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குருதியின் காவல்

நலமுள்ள ஒருவரின் குருதியில் பாக்டீரியாக்கள் தங்கி வாழ்வதில்லை. பல் துலக்கும்போது ஈறு கீறினாலும் சில கிருமிகள் குருதிக்குள் நுழைவது உண்டு. ஆனால் கல்லீரலிலும் மண்ணீரலிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அவற்றைச் சிறிது நேரத்திலேயே பிடித்து அழித்துவிடுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை நியூட்ரோபில்கள். இவையே பாக்டீரியாவை எதிர்க்கும் முதல் வரிசைக் காவலர்கள். இவற்றின் ஆயுள் மிகக் குறைவாதலால், நம் எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காவல் தளரும்போது நுழைந்த கிருமி அழியாமல் பெருகத் தொடங்குகிறது. அதனை எதிர்க்க முயலும் உடல், அளவுக்கு மீறிய அழற்சியால் தன்னையே வருத்திக் கொள்கிறது. இரத்த அழுத்தம் வீழ்கிறது. சிறுநீரகமும் நுரையீரலும் செயலிழக்கின்றன. மருத்துவர்கள் இந்நிலையைச் செப்சிஸ் என்பர். பழைய நூல்களில் செப்டிசீமியா எனக் காணலாம். தமிழில் குருதி நச்சு எனலாம்.

யாரைத் தாக்குகின்றன?

காலரா, டைபாய்டு, பிளேக் ஆகியவற்றின் கிருமிகள் வல்லவை. உடல் நலமுள்ளவரையும் அவை வீழ்த்தும். வேறொரு வகைக் கிருமிகள் உள்ளன. அவை மண்ணிலும், நீரிலும், நம் தோலிலும், குடலிலும் யாருக்கும் தீங்கின்றி வாழ்பவை. மனிதரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. நம் எல்லோர் குடலிலும் ஈ.கோலி உண்டு. கை கழுவும் தொட்டியின் ஈரத்தில் சூடோமோனாஸ் இருக்கும். உடலின் காவல் தளரும் வரை இவை அடங்கியே இருக்கின்றன. தளர்ந்தவுடன் குருதிக்குள் புகுகின்றன. எனவே இவற்றைச் சந்தர்ப்பவாதக் கிருமிகள் என்பர்.

காவல் தளர்வதற்குக் காரணங்கள் பல. புற்றுநோய் மருந்துகள் எலும்பு மஜ்ஜையை ஒடுக்குகின்றன. நியூட்ரோபில்களின் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே இறங்கியவருக்குக் காய்ச்சல் கண்டால், அது நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசர நிலையாகும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், நெடுநாள் ஸ்டீராய்டு உண்போர், டயாலிசிஸ் செய்துகொள்வோர், குடியால் கல்லீரல் கெட்டோர், மண்ணீரல் நீக்கப்பட்டோர், குறைமாதக் குழந்தைகள், முதியோர் ஆகிய அனைவரும் இவ்வரிசையில் அடங்குவர்.

கடலையும் கழிமுகத்தையும் நம்பி வாழ்வோர் அறிய வேண்டிய ஒரு கிருமி விப்ரியோ வல்னிஃபிகஸ். இது காலராக் கிருமியின் உறவினம். வெதுவெதுப்பான உப்புநீரில் வாழும். நலமுள்ளவர் இதனால் பெரிதும் துன்புறுவதில்லை. ஆனால் கல்லீரல் நோயாளியோ நீரிழிவு நோயாளியோ காலில் புண்ணுடன் அந்நீரில் இறங்கினாலும், வேகாத சிப்பியை உண்டாலும் இது குருதியில் பரவக்கூடும். அவ்வாறு பரவினால் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைப்பதில்லை.

எயிட்ஸ் நோயைப் பற்றியும் இங்கே ஒரு சொல். டைபாய்டு அல்லாத சால்மோனெல்லா சாதாரணமாக வயிற்றுப்போக்கை உண்டாக்கிவிட்டுப் போய்விடும். எச்.ஐ.வி. தொற்றால் எதிர்ப்பாற்றல் குன்றியவரிடமோ அது மீண்டும் மீண்டும் குருதியில் புகும். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நம் சென்னையிலேயே. 1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டுதலில் நிர்மலா என்னும் மாணவி தம் ஆய்வுக்காக இரத்த மாதிரிகளைத் திரட்டினார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அவற்றைச் சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்நாட்டில் அந்நோய் இல்லை என்று பலர் நம்பியிருந்த காலம் அது. தேடிப் பார்க்காத வரையில் எந்த நோயும் இல்லாதது போலவே தோன்றும் என்பதற்கு இது தக்க சான்று.

இரங்கூன் பிணவறையில்

தருணம் பார்க்கும் கிருமிகளுள் நம் மண்ணுக்கும் மழைக்கும் மிக நெருங்கிய ஒன்றை இனி விரிவாகக் காண்போம். அதன் வரலாறு வங்கக் கடலுக்கு அக்கரையில் தொடங்குகிறது.

1911-ஆம் ஆண்டு இரங்கூன் பொது மருத்துவமனையில் நோய்க்குறியியல் வல்லுநராக இருந்தவர் ஆல்ஃபிரெட் விட்மோர். அவருடன் பணியாற்றிய மருத்துவர் சி.எஸ். கிருஷ்ணசாமி. பிணப் பரிசோதனையின்போது சில உடல்களில் இதுவரை காணாத ஒன்றை இவர்கள் கண்டனர். நுரையீரல் காசநோயில் போலப் பாலாடைக்கட்டித் தன்மை அடைந்திருந்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறுநீரகத்திலும் சீழ்க்கட்டிகள் காணப்பட்டன. ஆனால் காசநோய்க் கிருமி இல்லை. சீழை வளர்ப்பு ஊடகத்தில் இட்டபோது, குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயின் கிருமியை ஒத்த ஒரு கிருமி வளர்ந்தது. எனினும் இது அசையும் தன்மை உடையதாகவும் விரைந்து வளர்வதாகவும் இருந்தது. ஆகவே இது புதியதொரு கிருமி என்று தெளிந்து, 1912-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இருவரும் இணைந்து எழுதினர்.

அந்த நோயாளிகளில் பலர் மார்ஃபியா ஊசிக்கு அடிமையானவர்கள்; ஊட்டமின்றித் தெருவில் அலைந்தவர்கள். கிருஷ்ணசாமி 1917-இல் எழுதிய கட்டுரைக்கு 'மார்ஃபியா ஊசி போட்டுக்கொள்வோரின் குருதி நச்சு' என்ற பொருளிலேயே தலைப்பிட்டார். கிருமி குறிவைத்தது ஊசியையா, ஊசியால் நலிந்த உடலையா என்ற கேள்விக்கு அன்று விடை இல்லை. பிற்காலத்தில் ஊசி போட்டுக்கொள்ளாத பலரிடமும் அதே கிருமி காணப்பட்டபோது, நலிந்த உடலே அதன் வாசல் என்பது விளங்கியது.

இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. வீடற்ற ஒரு போதையடிமை செத்தால், "போதையால் செத்தான்" என்று எழுதி முடித்துவிடுவது எளிது. அவ்விருவரும் அப்படி முடித்துவிடவில்லை. யாரும் பொருட்படுத்தாத அவ்வுடல்களை அறுத்துப் பார்த்து, சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். உலக மருத்துவ நூல்களில் ஒரு நோய் இடம்பெற்றது அப்படித்தான்.

பெயரும் இருப்பிடமும்

1921-இல் மலேயாவில் ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்னும் இருவர் இந்நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயரிட்டனர். கழுதைகளுக்கு வரும் ஒரு நோயைக் குறிக்கும் 'மெலிஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எழுந்தது இப்பெயர். கிருமியின் பெயரோ பலமுறை மாறியது. நெடுங்காலம் சூடோமோனாஸ் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்து, 1992-இல் புர்கோல்டேரியா என்ற புதிய பேரினத்தில் சேர்க்கப்பட்டது. புர்கோல்டேரியா சூடோமாலியை என்பதே இன்றைய பெயர்.

எலிகளே இதைப் பரப்புகின்றன என்று முதலில் கருதினர். 1950-களில் வியட்நாமில் பணியாற்றிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் மண்ணிலும் நீரிலுமே இக்கிருமி வாழ்வதைக் காட்டினர். வெயில் காலத்தில் இது மண்ணின் ஆழத்தில் தங்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது மேலே வரும். காலிலுள்ள வெடிப்பு, கீறல் வழியாகவும், புயற்காற்றில் பறக்கும் நீர்த்துளிகளை மூச்சில் இழுப்பதாலும், காய்ச்சாத நீரைக் குடிப்பதாலும் உடலில் நுழையும். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆகவே நோயாளியைக் கண்டு அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை.

நுழைந்த கிருமி பெரும்பாலும் 1 முதல் 21 நாட்களுக்குள் நோயை உண்டாக்கும். சிலரிடம் அது ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக மருத்துவ ஏடுகளில் பதிவு உள்ளது. உடல் நலமாக இருந்த வரையில் அடங்கியிருந்தது, முதுமையில் தலைதூக்கியது.

2016-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 1,65,000 பேருக்கு இந்நோய் வருகிறது. அவர்களுள் சுமார் 89,000 பேர் இறக்கின்றனர். தெற்காசியாவின் பங்கு இதில் பெரிது. ஆனால் பதிவேடுகளில் காணப்படும் எண்ணிக்கையோ இதில் மிகச் சிறு பகுதிதான். தமிழகத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக இக்கிருமியைக் கண்டறிந்து எழுதி வருகின்றனர். டி. ஜேக்கப் ஜான் முதலியோர் 1996-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, நாம் காண்பது பனிப்பாறையின் நுனி மட்டும்தானா என்று கேட்டது. கர்நாடகக் கடலோரத்தில் மணிப்பாலிலும் மழைக்காலந்தோறும் நோயாளிகள் கண்டறியப்படுகின்றனர். ஆய்வுக்கூடம் தேடுகிற இடத்தில் நோய் தெரிகிறது. தேடாத இடத்தில் அது வெறும் காய்ச்சல் ஆகிவிடுகிறது.

சர்க்கரையும் வெள்ளணுவும்

மெலியாய்டோசிஸ் நோயாளிகளுள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உள்ளவர்கள். நீரிழிவு உள்ளவருக்கு இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் 12 மடங்கு மிகுதி என்று கணக்கிட்டுள்ளனர். சிறுநீரக நோயும் மிகுந்த குடியும் இவ்வாய்ப்பை மேலும் கூட்டும்.

காரணம் என்ன? இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் நியூட்ரோபில்களின் எண்ணிக்கை குறைவதில்லை. ஆனால் திறன் குன்றுகிறது. கிருமி இருக்கும் இடம் நோக்கி விரைவதில் தாமதம், விழுங்குவதில் சுணக்கம், விழுங்கியதைக் கொல்லும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களைச் சுரப்பதில் குறைவு. காவற்காரர் எண்ணிக்கை பட்டியலில் சரியாக இருக்கும். ஆனால் காவல் நடக்காது. இதனுடன் கால் நரம்புகள் மரத்துப்போவதால் புண் வலிப்பதில்லை. வலிக்காத புண்ணை யாரும் கவனிப்பதும் இல்லை.

இக்கிருமியின் சூழ்ச்சியும் வியப்புக்குரியது. தன்னை விழுங்கிய அணுவின் சிறையறையை உடைத்துக்கொண்டு இது வெளியேறுகிறது. அவ்வணுவின் ஆக்டின் என்னும் புரத இழைகளையே தனக்கு உந்துவிசையாக்கி அடுத்த அணுவுக்குள் புகுகிறது. இவ்வாறு அணுவிட்டு அணு செல்வதால் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களின் கண்ணில் படுவதில்லை. வலுவுள்ள வெள்ளணு இதைத் தொடக்கத்திலேயே தடுத்துவிடும். வலுவிழந்த வெள்ளணுவோ இதற்கு உறைவிடமாகிறது.

நம் பகுதியும் இந்நோயும்

இவையெல்லாம் எங்கோ தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நடப்பவை என்று எண்ணிவிட வேண்டாம். இரங்கூனும் நம் துறைமுகமும் ஒரே கடலின் இரு கரைகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரங்கூன் நகர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர். அவர்களுள் தமிழர் பலர், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். 1962-இல் ஆட்சி மாறிய பிறகு பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பிய தமிழர்கள் இப்பகுதியில் குடியமர்ந்தனர். எண்ணூரில் பர்மா நகர் என்றே ஓரிடம் உண்டு. நம் கடற்கரைச் சாலையில் பர்மா பஜாரும் உண்டு. அத்தோவும் மொய்ங்காவும் விரும்பி உண்ணும் நாம், அக்கரையில் அறியப்பட்ட அந்நோயின் பெயரை மட்டும் அறியாதிருக்கிறோம்.

கிருமிக்கு வேண்டிய சூழலையும் எண்ணிப் பாருங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி இந்நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 கோடிப் பேர், நீரிழிவு உள்ளவர்கள். நம் பகுதியிலோ ஐஸ் உடைப்பவர், வலை இழுப்பவர், மீன் சுத்தம் செய்யும் பெண்கள், உப்பளத்திலும் கழிமுகத்திலும் உழைப்பவர் எனக் கால் ஈரம் காயாத தொழில்கள் மிகுதி. வடகிழக்குப் பருவமழையில் தாழ்ந்த தெருக்களில் நீர் நிற்கிறது. புண்ணுள்ள கால், சர்க்கரை மிகுந்த குருதி, தேங்கிய நீர் ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் ஐப்பசி முதல் மார்கழி வரை நம் தெருக்களில் ஒன்றுகூடுகின்றன. அவ்வேளையில் புகக்கூடியது மெலியாய்டோசிஸ் கிருமி மட்டுமன்று. கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் என எதுவாகவும் இருக்கலாம். எது என்பதைக் குருதியைக் கேட்டால்தான் தெரியும்.

'நோ குரோத்' என்பதன் பொருள்

குருதியைக் கேட்கும் முறையே பிளட் கல்ச்சர் எனும் இரத்த வளர்ப்புச் சோதனை. நோயாளியின் இரத்தத்தை ஊட்டநீர் நிரம்பிய புட்டியில் இட்டு, உடல் வெப்பத்தில் வைத்து, கிருமி பெருகுகிறதா என்று பார்ப்பர். கேட்பதற்கு எளிது, ஆனால் நுணுக்கம் மிகுந்தது.

முதலாவது, அளவு. குருதித் தொற்று உள்ள பெரியவரின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரே ஒரு கிருமிகூட இல்லாதிருக்கலாம். ஆகவே ஒரு புட்டிக்கு 8 முதல் 10 மில்லிலிட்டர் வீதம், இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி எடுப்பது முறை. "இவ்வளவு இரத்தம் எடுக்கிறார்களே" என்று நம் வீட்டார் சண்டைக்குப் போவதுண்டு. அது நம் அறியாமை.

இரண்டாவது, நேரம். எதிருயிரி மருந்து கொடுப்பதற்கு முன்பே இரத்தம் எடுத்துவிட வேண்டும். இரண்டு மாத்திரை உள்ளே போயிருந்தாலும் அது கிருமியை முழுவதும் கொல்லாமல், புட்டியில் வளர முடியாதபடி மட்டும் அடக்கி வைக்கக்கூடும். அப்போது உடலில் கிருமி இருக்கும். சீட்டில் 'நோ குரோத்' என்று வரும்.

மூன்றாவது, அடையாளம் காணுதல். மெலியாய்டோசிஸ் கிருமி வளர்ந்தாலும், அதைச் சாதாரண சூடோமோனாஸ் என்றோ வெளியிலிருந்து கலந்த மாசு என்றோ தள்ளிவிட வாய்ப்புண்டு. நுண்ணோக்கியில் இரு முனைகளும் மட்டும் சாயமேறி ஊக்குப்போலத் தோன்றுவது இதன் அடையாளம். ஆஸ்திரேலியாவில் ஆஷ்டவுன் உருவாக்கிய ஊடகத்தில் ஊதா நிறத்தில் சுருக்கம் விழுந்த திட்டுக்களாக வளரும். ஜென்டாமைசின், கோலிஸ்டின் ஆகிய மருந்துகளுக்கு அடங்காமல், அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்கும். மூன்று மருந்து வில்லைகளைக் கொண்டு எந்த ஆய்வுக்கூடமும் இந்த ஐயத்தை எழுப்பிக்கொள்ள முடியும்.

இப்போது என் பிழை விளங்கியிருக்கும். அந்தச் சீட்டின் பொருள், "இந்தப் புட்டியில், இந்த அளவு இரத்தத்தில், ஏற்கெனவே மருந்து உண்ட நிலையில், எதுவும் வளரவில்லை" என்பதே. "கிருமி இல்லை" என்று அது சொல்லவே இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் நாங்கள் வாய் திறக்கவும் இல்லை. கேட்டால் திட்டுவார்களோ என்ற அச்சம். மாமாவுக்கு வந்தது மெலியாய்டோசிஸ் என்று நான் சொல்லவில்லை. எது வந்தது என்று சொல்ல இனி எவராலும் இயலாது. என்னை வருத்துவது அதுவே.

மருத்துவம்

கிருமி எது என்று தெரிவதால் என்ன பயன் என்று கேட்கலாம். மெலியாய்டோசிஸ் கிருமி பென்சிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் போன்ற பழகிய மருந்துகளுக்கு இயல்பாகவே அடங்காதது. 1989-இல் தாய்லாந்தில் நடந்த ஆய்வொன்றில், கடும் நோயாளிகளுக்குப் பழைய மருந்துகளுக்கு மாற்றாக செஃப்டசிடைம் தந்தபோது இறப்பு 74 விழுக்காட்டிலிருந்து 37 விழுக்காடாகப் பாதியாயிற்று. இன்று செஃப்டசிடைம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள் தந்து, பின்னர் கோட்ரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதம் தொடர்வர். காய்ச்சல் விட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும். இம்மருந்துகள் கிடைத்தற்கரியன அல்ல. அறியவேண்டியது பெயர் ஒன்றே.

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 முதல் ஒவ்வொரு நோயாளியையும் பதிவு செய்து வருகின்றனர். முதல் ஐந்தாண்டில் 31 விழுக்காடாக இருந்த இறப்பு, முப்பது ஆண்டுகளில் 6 விழுக்காடாகக் குறைந்தது. அதே கிருமிதான், அதே மழைதான். விரைந்து கண்டறிதலும் தீவிர சிகிச்சையும் செய்த மாற்றம் அது.

நாம் செய்யத்தக்கவை

1. நீரிழிவு உள்ளவர்கள் தேங்கிய நீரில் வெறுங்காலுடன் இறங்கலாகாது. முழங்கால் ரப்பர் பூட்ஸ் அணிதல் நன்று. இயலாதபோது, வீடு திரும்பியவுடன் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துப் பார்க்க வேண்டும். தம் பாதத்தைத் தாமே பார்க்க இயலாத முதியவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2. குளிருடன் காய்ச்சல் கண்டால், எதிருயிரி மருந்தைக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கலாகாது.

3. மருத்துவரிடம் நான்கு செய்திகளைக் கேளாமலே சொல்ல வேண்டும்: சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக, காலில் புண் உண்டா, வெள்ளநீரில் எப்போது நடந்தார், இதுவரை என்ன மாத்திரை உண்டார். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டு செல்வது இன்னும் நன்று.

4. "மருந்து தொடங்குமுன் பிளட் கல்ச்சர் எடுக்க வேண்டுமா, ஐயா?" என்று பணிவுடன் கேட்கலாம். ஆனால் இரத்தம் எடுத்தபின் முடிவுக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. செப்சிஸில் கழியும் ஒவ்வொரு மணியும் விலைமதிப்புடையது.

5. மூச்சிரைப்பு, பிதற்றல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடிவுரை

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது பழமொழி. ஏழையின் குருதியும் அவ்வாறே ஆய்வுக்கூடம் ஏறாமல் போய்விடக் கூடாது. இரங்கூன் தெருக்களில் இறந்தவர்களின் பெயர்களை இன்று யாரும் அறியார். ஆயினும் அவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதை உலகம் அறியும். கேள்வி கேட்ட இருவர் அங்கு இருந்தனர். நம் தெருவில் இறப்பவரின் பெயரை நாம் அனைவரும் அறிவோம். எதனால் இறந்தார் என்பதை மட்டும் அறியோம்.

நண்பர்களே, நம்மில் பலரது வீட்டில் சோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவராகவே இருப்போம். நம் கைக்கு அச்சீட்டு வரும்போது, அதில் எழுதியிருப்பதை மட்டும் படிப்போம். எழுதாததைச் சேர்த்துப் படிக்காதிருப்போம். விளங்காததை மருத்துவரிடமே திரும்பக் கேட்போம். அடுத்த மழைக்காலம் வருமுன் அவரவர் வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை ஒருமுறை விளக்கொளியில் பார்ப்போமாக.